1,577,917,500: ஒரு மகாயுகத்தின் நாள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் பஞ்சாங்கம் கைக்கு வந்துவிடும். மருத்துநீர் எத்தனை மணிக்கு, கைவிசேஷம் எப்போது என்று எல்லோரும் பார்ப்பது நேரத்தை. வாக்கிய பஞ்சாங்கத்தில் அந்த நேரத்தின் அடியில் கிடப்பது ஒரு பத்து இலக்க எண். அதைப் பள்ளிக் கணிதத்தாலேயே முழுவதுமாகத் திறந்து பார்க்கலாம். மாணவர்களும் பெற்றோரும் பஞ்சாங்க ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

ஆரியபட்டர் 499ஆம் ஆண்டைக் காலப்புள்ளியாக வைத்து எழுதிய ஆரியபட்டீயத்திலிருந்து. ஒரு மகாயுகம் 4,320,000 சூரிய வருடங்கள். அந்தக் காலத்தில் பூமி தன்னைத் தானே 1,582,237,500 முறை சுற்றுகிறது என்கிறார் அவர். நட்சத்திரங்களை வைத்து எண்ணினால்தான் அத்தனை சுற்று வரும். சூரியன் உதிக்கும் தடவைகளை எண்ணினால், வருடத்துக்கு ஒன்று குறையும். ஆகவே

1,582,237,500 − 4,320,000 = 1,577,917,500

இதுவே மகாயுகத்தின் நாள் எண்ணிக்கை. கழித்தல் ஒன்றுதான், ஆனால் அதன் காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மேசை நடுவில் ஒரு விளக்கை வைத்து, அறையின் ஒரே சுவரைப் பார்த்தபடி அதை ஒரு முறை சுற்றி நடந்து பாருங்கள். நீங்கள் உங்களைச் சுற்றவே இல்லை. ஆனாலும் விளக்கு உங்களை ஒரு முறை சுற்றி வந்ததுபோலத் தெரியும். கழியும் அந்த ஒன்று இதுதான்.

இதை எப்படி வாசிப்பது? காற்புள்ளி எங்கே இடுவது?

பாடசாலையில் 1,577,917,500 என்று மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு பில்லியன் 577 மில்லியன் என்று வாசிக்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் 157,79,17,500 என்று பிரித்து, நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு என்பார்கள். இரண்டும் சரி. ஒரே தாளில் இரண்டையும் கலந்தால்தான் பிழை வரும். நீண்ட பெருக்கலில் ஒரு பூச்சியம் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான்.

இது முதன்மை எண்ணா? காரணிப்படுத்துவது எப்படி?

முதன்மை எண் அல்ல, சேர்த்தி எண். தமிழகத்தில் பகா எண் என்பதையே இங்கே முதன்மை எண் என்கிறோம்.

கையால் செய்யும்போது சிறிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எண் 500இல் முடிகிறது, எனவே முதலில் 500ஆல் வகுங்கள்: 3,155,835. அது 5இல் முடிகிறது. மீண்டும் 5ஆல் வகுத்தால் 631,167. இலக்கங்களின் கூட்டுத்தொகை 24, ஆகவே 3ஆல் வகுபடும்: 210,389. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 23. இனி 3 போகாது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 210,389 பார்வைக்கு முதன்மை எண் போலவே இருக்கும். 7க்கு மீதி 4, 11க்கு 3, 13க்கு 10, 17க்கு 14, 19க்கு 2. இருபதைத் தாண்டியதும் கை ஓய்ந்து, "இது முதன்மைதான்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 458இன் வர்க்கம் 209,764. 459இன் வர்க்கம் 210,681. ஆகையால் 458 வரையுள்ள முதன்மை எண்களைப் பார்த்து முடிக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. பொறுமையாகப் போனால் 7இலிருந்து எண்ணிப் பதினைந்தாவது முயற்சியில் கதவு திறக்கும்:

210,389 = 61 × 3,449

3,449க்கு மறுபடி முதலிலிருந்து சோதனை வேண்டுமா? வேண்டாம். 61ஐவிடச் சிறிய முதன்மை எண் எதுவும் 210,389ஐ வகுக்கவில்லை, எனவே 3,449ஐயும் வகுக்காது. 61 × 61 = 3,721. அது 3,449ஐத் தாண்டிவிட்டது. எனவே 3,449 முதன்மை எண்.

முடிவு: 1,577,917,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3,449

5 நான்கு முறை வந்தும் இறுதியில் இரண்டு பூச்சியங்கள் மட்டும் இருப்பதற்கு, 2 இரண்டு முறைதான் வருவதே காரணம். ஒரு பூச்சியத்துக்கு ஒரு 2உம் ஒரு 5உம் வேண்டும்.

இதற்கு மொத்தம் எத்தனை காரணிகள்?

120. ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 5 × 2 × 2. அவற்றில் ஒற்றை எண்கள் 40. எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை 7 × 4 × 781 × 62 × 3,450 = 4,677,565,200. எண்ணையே விலக்கினால் 3,099,647,700. அது எண்ணைவிடப் பெரியது, ஆகவே இது நிறைவான எண் அல்ல, மிகை எண். இதனுடன் 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாத சிறிய எண்கள் 413,760,000.

அப்படியென்றால் இந்த எண்ணின் சிறப்புத்தான் என்ன?

தனியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இதன் பெறுமதி, இணை எண்ணான 4,320,000உடன் பகிர்ந்துகொள்ளும் காரணிகளில் இருக்கிறது.

4,320,000 = 2⁸ × 3³ × 5⁴. இரண்டுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 2² × 3 × 5⁴ = 7,500. இரண்டையும் அதனால் வகுத்தால்

1,577,917,500 ÷ 4,320,000 = 210,389 ÷ 576

பத்து இலக்க எண்ணும் ஏழு இலக்க எண்ணும் ஆறு இலக்கத்துக்கும் மூன்று இலக்கத்துக்கும் இறங்கிவிட்டன, ஒரு துளிகூடச் சிந்தாமல். 576 வருடங்களில் சரியாக 210,389 நாள்கள். ஒரு வருடம் 365 நாளும் 149/576 நாளும். கணிகருவி இல்லாத காலத்தில் கையால் கணித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பெரிய எண்ணைச் சுமக்காமலேயே அதன் துல்லியம் முழுவதும் கிடைத்தது.

576 வெறும் எண்ணும் அல்ல. அது 24இன் வர்க்கம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். 1,440 ÷ 576 = 2.5. அதாவது மீதியில் வரும் ஒவ்வொரு அலகும் இரண்டரை நிமிடம். 149 × 2.5 = 372.5 நிமிடம் = 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். நாழிகையில் சொன்னால் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 செக்கன், தற்பரை அதில் அறுபதில் ஒரு பங்கு. வாக்கிய முறையில் வருட நீளமாக எடுக்கப்படும் 365–15–31–15 இதுவேதான்.

இதை வைத்து வருடப்பிறப்பு நேரத்தை நானே கணிக்கலாமா?

கணிக்கலாம். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் மேட சங்கிராந்தியின் அடிப்படை நேரம் நான்கு படிகளில் வரும். 2025ஐ எடுத்துக்கொள்வோம்.

ஆங்கில வருடத்துடன் 3,101ஐக் கூட்டினால் சித்திரையில் முடிந்திருக்கும் கலி வருடங்கள் கிடைக்கும்: 5,126. அதை 210,389ஆல் பெருக்குங்கள்: 1,078,454,014. இதிலிருந்து 1,237ஐக் கழியுங்கள்: 1,078,452,777. பிறகு 576ஆல் வகுங்கள். ஈவு 1,872,313, மீதி 489.

ஈவு என்பது கலியுகம் தொடங்கியதிலிருந்து கடந்த நாள்கள். கலி ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியதாகக் கணக்கு. ஆகவே ஈவை 7ஆல் வகுத்து மீதி 0 என்றால் வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு என்று போகும். 1,872,313க்கு மீதி 2, அதாவது ஞாயிற்றுக்கிழமை: 2025 சித்திரை மாதத்துக்கு முந்திய நாள், ஏப்ரல் 13. இனி அந்த 489. 489 × 2.5 = 1,222.5 நிமிடம் = 20 மணி 22½ நிமிடம். நாள் காலை 6 மணிக்குத் தொடங்குவதாக எடுத்தால் ஏப்ரல் 14 அதிகாலை 2 மணி 22½ நிமிடம். நாழிகையில் 50–56–15.

அடுத்த வருடத்துக்கு இவ்வளவும் மறுபடி செய்ய வேண்டாம். ஈவுடன் 365, மீதியுடன் 149 கூட்டினால் போதும். 489 + 149 = 638. அது 576ஐத் தாண்டியதால் ஒரு நாள் மேலே போகும், மீதி 62. ஆக 1,872,679 நாள்கள், மீதி 62: 2026 ஏப்ரல் 14 செவ்வாய், காலை 8.35. கொப்பியில் ஒரு வரிக் கணக்கு.

அந்த 1,237 எதற்கு?

210,389 ÷ 576 என்பது சூரியன் ஒரே சீரான வேகத்தில் போவதாக வைத்த சராசரி. உண்மையில் சூரியனின் வேகம் மாறுகிறது. அதனால் மேட ராசிக்குள் நுழையும் தருணம் சராசரிக் கணக்கைவிட 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை முன்னதாக வருகிறது. அதையும் 576இன் பங்காக எழுதினால் 1,237/576. இந்தத் திருத்தமும் அதே அளவுகோலில் மிச்சமில்லாமல் அமர்வதால்தான் முழுக் கணக்கும் முழு எண்களிலேயே ஓடுகிறது.

பழைய பஞ்சாங்கத்தை வைத்து இந்த வருடத்தைச் சரிபார்க்கலாமா?

சரியான இடைவெளியைத் தேர்ந்தால் பார்க்கலாம். 27 வருடங்களில், வருடத்துக்கு 365 நாள் போக, மேலதிகமாக 7 நாள் சேரும் என்று எடுத்தால் பிழை 22½ நிமிடம் மட்டுமே (149 × 27 = 4,023; 7 × 576 = 4,032). 58 வருடங்களுக்கு 15 நாள் என்றால் இன்னும் அருமை: 149 × 58 = 8,642; 15 × 576 = 8,640. வித்தியாசம் 2, அதாவது ஐந்தே நிமிடம். உங்கள் பேரனார் பெட்டிக்குள் 58 வருடத்துப் பழைய வாக்கிய பஞ்சாங்கம் கிடந்தால், அதிலுள்ள சங்கிராந்தி நேரத்துடன் ஐந்து நிமிடத்தைக் கூட்டுங்கள். இந்த வருட நேரத்தை ஒட்டி வரும். கிழமை மட்டும் மூன்று நாள் தள்ளியிருக்கும், 58 வருடத்தின் 21,185 நாள்களை (58 × 365 + 15) 7ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால்.

நேரமும் கிழமையும் சேர்ந்து திரும்ப 576 × 7 = 4,032 வருடங்கள் வேண்டும்.

சூரிய சித்தாந்தம் வேறு எண் சொல்கிறதே?

ஆம், அந்தப் பழைய வானியல் நூல் சொல்வது 1,577,917,828. வித்தியாசம் 4,320,000 வருடங்களுக்கு 328 நாள்கள் மட்டுமே. வருடத்துக்கு ஏழு செக்கன்கூட வராது. ஆனால் கணிதத்தில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 55: 3 போகாது. 8இல் முடிவதால் 5 போகாது. 828 என்பது 4ஆல் வகுபடும், 8ஆல் வகுபடாது. எனவே 4,320,000உடன் பொதுக் காரணிகளுட் பெரியது வெறும் 4. சுருக்கினால் 394,479,457 ÷ 1,080,000. மீதியின் ஓர் அலகு இரண்டரை நிமிடமாக இருந்த இடத்தில் இப்போது 0.08 செக்கன். கையால் கணிப்பவருக்கு எது இலகு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய வானியலின்படி இது சரியான எண்ணா?

மிக அருகில், ஆனால் சரியல்ல. நட்சத்திரங்களை வைத்து அளந்த வருடம் இன்று 365.25636 நாள். 210,389 ÷ 576 = 365.25868. வருடத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் அதிகம். திருக்கணித பஞ்சாங்கம் நவீன அளவுகளை எடுப்பதால் இரண்டின் நேரங்களும் பிரிகின்றன. நாம் சுவரில் தொங்கவிடும் ஆங்கிலக் கலண்டரின் சராசரி வருடம் 365.2425 நாள். அதனோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 0.01618 நாள் மிகுதி. ஏறத்தாழ 62 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் வருடப்பிறப்பு ஆங்கிலத் தேதியில் பிந்திக்கொண்டே போகிறது.

இந்த 62க்கும், காரணியாக வந்த 61க்கும், பிரபவ முதலான 60 வருட வட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை.

7, 11, 13ஆல் வகுபடுமா என்று சீக்கிரம் பார்ப்பது எப்படி?

மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து வலமிருந்து மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 500 − 917 + 577 − 1 = 159. 7 × 11 × 13 = 1,001 என்பதால் மூன்று சோதனையும் இந்த ஒரே எண்ணில் முடியும். 159க்கு மீதிகள் முறையே 5, 5, 3. எதனாலும் வகுபடாது. முதலாவது மீதி பயனுள்ளது: ஒரு மகாயுகம் முடிந்தால் கிழமை ஐந்து நாள் தள்ளும்.

இதை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா?

எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இரண்டு வர்க்கங்களாக முடியாது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் முதன்மை எண் எதுவும் ஒற்றைச் சுட்டியில் இருக்கக்கூடாது என்பது விதி. இங்கே 3 ஒரே முறை வந்து வழியை மறிக்கிறது.

மூன்று வர்க்கங்களாக? பெரும்பாலான எண்களுக்கு முடியும். முடியாதவை ஒரே வகைதான்: 4ஆல் வகுபடும் மட்டும் வகுத்த பிறகு, 8க்கு மீதி 7 வருபவை. இதைக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1798இல் எடுத்துரைத்தார். நம் எண்ணை 4ஆல் வகுத்தால் 394,479,375. கடைசி மூன்று இலக்கம் 375 = 8 × 46 + 7. மீதி 7! ஆறில் ஓர் எண்ணுக்கே நேரும் விலக்கில் இது விழுந்துவிட்டது. துவித எண்ணாக எழுதினால் கண்ணுக்கே தெரியும்:

1011110000011010001110000111100

கடைசி இரண்டு பூச்சியங்களை எடுத்துவிட்டால் 111இல் முடிகிறது. அந்த மூன்று ஒன்றுகளே மீதி 7.

ஆகவே நான்கு வர்க்கங்கள் கட்டாயம் வேண்டும். எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்று கணிதவியலாளர் லக்ராஞ்சு 1770இல் நிறுவினார். இதற்கு ஒரு விடை:

39,723² + 25² + 11² + 5²

சரிபார்க்க: 1,577,916,729 + 625 + 121 + 25.

39,723இன் வர்க்கத்துக்கு இவ்வளவு அருகில் இருப்பது தற்செயலா?

தற்செயலே. அடுத்த வர்க்கம் 79,447 தள்ளி இருக்கிறது. நம் எண் அந்த இடைவெளியில் முதல் 771ஆவது இடத்தில் நிற்கிறது. அழகாக இருக்கிறது, ஆனால் வானியல் பொருள் எதுவும் இல்லை.

மடக்கை அட்டவணையால் இந்தக் கணக்கைச் செய்யலாமா?

செய்யாதீர்கள். நான்கு இலக்க அட்டவணையில் மடக்கை 9.1981. விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 1.578 × 10⁹ என்று ஆகும். பிழை 82,500 நாள், ஏறத்தாழ 226 வருடங்கள். சாதாரண தர மாணவர்களுக்கு மட்டந்தட்டலின் விளைவைக் காட்ட மட்டும் இது நல்ல உதாரணம்.

கணிகருவியிலும் கணினியிலும் எங்கே பிழைக்கும்?

எட்டு இலக்கக் கணிகருவி இந்த எண்ணையே ஏற்காது. கடைகளில் உள்ள பன்னிரண்டு இலக்கக் கருவி ஏற்கும், ஆனால் 5,126 × 1,577,917,500 = 8,088,405,105,000 பதின்மூன்று இலக்கம். பிழை காட்டி நின்றுவிடும். 210,389ஐ எடுத்தால் சிக்கல் இல்லை.

நிரல் எழுதும் மாணவர்கள் கவனிக்க: 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. நம் எண் அதற்குள் அடங்கும், இரு மடங்கு அடங்காது. இரட்டித்தால் பல மொழிகளில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் −1,139,132,296 என்று வரும். சுருக்கிய 210,389உடன் கலி வருடம் 10,207 வரை பாதுகாப்பு. 10,208இல் உடைந்துவிடும். இன்னொன்று: 365.25868 என்ற தசமத்தை நிரலில் வைக்கவேண்டாம். வெட்டிய பகுதி மிகச் சிறியதுதான், ஆனால் 5,126 வருடத்தால் பெருக்கும்போது ஏறத்தாழ நான்கு நிமிடமாக வளர்ந்துவிடும். முழு எண் வகுத்தலும் மீதியுமே போதும்.

நான் கணித்த விடை அச்சிட்ட பஞ்சாங்கத்துடன் ஒத்துவரவில்லை. எங்கே பிழை?

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். ஒரு வருடம் முழுதாகத் தள்ளிப்போனால் 3,101க்குப் பதில் 3,102ஐக் கூட்டியிருக்கிறீர்கள். கணக்குக்கு வேண்டியது முடிந்த வருடங்கள், நடக்கும் வருடம் அல்ல. இரண்டு நாளும் மூன்றரை மணித்தியாலமும் பிந்தி வந்தால் 1,237ஐக் கழிக்க மறந்துவிட்டீர்கள். கிழமை மட்டும் ஒன்று குறைவாகத் தோன்றினால் அது பிழையே அல்ல: பஞ்சாங்க நாள் உதயத்திலிருந்து உதயம் வரை, நள்ளிரவில் மாறாது. 2025இல் ஞாயிறு என்று வந்த விடை கடிகாரப்படி திங்கள் அதிகாலையானது அதனால்தான். சில நிமிடங்கள் மட்டும் வேறுபட்டால், நாம் உதயத்தை 6 மணி என்று வைத்ததே காரணம். நமது கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. யாழ்ப்பாணம் 80 பாகையில் இருக்கிறது. இங்கத்தைய சராசரி நேரம் கடிகாரத்துக்கு ஏறத்தாழ பத்து நிமிடம் பின்னால். அச்சிடுபவர்கள் இத்தகைய இடத் திருத்தங்களைச் சேர்த்தே நேரத்தைத் தருகிறார்கள். விஷு புண்ணிய காலம் சங்கிராந்திக்கு முன்னும் பின்னும் பத்து நாழிகை, அதாவது நான்கு நான்கு மணித்தியாலம். எனவே மருத்துநீர் வைப்பதற்கு இந்தச் சில நிமிடம் தடையாகாது. கொப்பியில் சரிபார்க்க வேண்டியது மீதி எண்ணைத்தான்: அது 0க்கும் 575க்கும் இடையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் 149ஆல் ஏற வேண்டும் (576ஐ எட்டினால் அல்லது தாண்டினால் 576ஐக் கழித்து).